மலர்விழி எப்போது ஆடுவாள்?

நாவலை மனசுக்குள் வாசிக்கிறவர்களுக்குப் பிடிக்காத பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிற வசதி உண்டு. வாய்விட்டு வாசிப்பதையே தொழிலாக வைத்திருப்பவளுக்கு அது கிடையாது.

நான் இரண்டாவது ரகம். பெயர் ரகமத். திண்டுக்கல் பேகம்பூரில் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து, ஒரு யூடியூப் சேனலுக்காகக் குடும்ப நாவல்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். சுவரெல்லாம் பழைய ஜமுக்காளம், கதவிடுக்கில் துண்டு, அரிசி மூட்டை மேல் மைக். பக்கத்துத் தெரு மாவு மில் மதியம் ஒன்றரைக்கு நிற்கும், நாலு மணிக்கு மறுபடி ஓடும். அந்த இரண்டரை மணி நேரத்துக்குள் கதாநாயகி அழ வேண்டும், சிரிக்க வேண்டும், மாமியாரிடம் பேச்சு வாங்க வேண்டும். எல்லாம் என் ஒரே தொண்டையில்.

போன வருஷம் வந்த ஒரு நாவலைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். நாவலின் பெயர் வேண்டாம். எழுதியவர் இப்போது எனக்கு நெருக்கமாகிவிட்டார். கதை இதுதான். நிதர்சன் ஒரு கபடி வீரன். கல்லூரியில் கூடப் படித்த மலர்விழியைக் காதலிக்கிறான். தேசிய அணி முகாமுக்குக் கூப்பிட்டதும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறான். ஆறு வருஷம் கழித்து, முழங்கால் அடிபட்டு ஊர் திரும்பி, இன்னொரு வாய்ப்புக் கேட்கிறான். பிரிந்தவர் சேருகிற கதைக்கு எப்போதுமே கிராக்கி. நாயகன் விளையாட்டு வீரன் என்றால் கேட்கவே வேண்டாம். எழுத்தாளர் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் எழுதி அனுப்புவார், நான் வாசிப்பேன், ஜனங்கள் கேட்பார்கள்.

இப்படி ஒரு கதையை மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் தவித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களோடு சேர்ந்து புலம்பத்தான் இதை எழுதுகிறேன்.

மூச்சு

நாலாம் அத்தியாயத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி. நிதர்சன் நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பக்கம் ஏறிப் போகிறான். கபடி கபடி என்று பாடிக்கொண்டே போகிறவன் கூட்டத்தில் மலர்விழியைப் பார்த்துவிடுகிறான். உடனே அங்கேயே நின்று, "மலர், இந்தப் புள்ளி உனக்காக. இந்த மூச்சும் உனக்காக" என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் பேசுகிறான். எதிரணியில் ஏழு பேரும் அவன் பேசி முடிக்கிறவரை மரியாதையாக நிற்கிறார்கள்.

எனக்கு அப்போது கபடியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. மூச்சு விடாமல் பாட வேண்டும் என்பது மட்டும் தெரியும். அதனால் அந்த இடத்தை உண்மையாக வாசிக்க ஆசைப்பட்டேன். கபடி கபடி என்று ஒரே மூச்சில் சொல்லி, அதே மூச்சோடு வசனத்துக்குள் இறங்கினேன். மூன்றாவது வரியில் கண் இருட்டியது. நாலாவது வரியில் இருமல் வந்து மைக் மூட்டையிலிருந்து உருண்டது. ஏழெட்டு முறை முயற்சி செய்துவிட்டு, கடைசியில் வசனத்தைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து அனுப்பினேன்.

அது வெளியான மறுநாள் சின்னாளப்பட்டியிலிருந்து பாண்டீஸ்வரி என்ற பெண் கருத்து எழுதியிருந்தாள். வீட்டிலேயே தறியில் சேலை நெய்கிறவள். பக்கத்தில் போனைத் தொங்கவிட்டு, நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டேதான் நெய்வாளாம். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "அக்கா, நானும் கல்யாணத்துக்கு முன்னாடி ஜில்லா டீம்ல ஆடுனவ. ஏறிப் போறவ பாட்ட விட்டா அவுட்டு. அவன் லவ்வு சொன்ன அன்னைக்கு அவங்க டீம் தோத்துருக்கும்."

இதழோரம்

நிதர்சனுக்கு ஒரு பழக்கம். அவன் சந்தோஷப்பட்டாலும், கோபப்பட்டாலும், தண்ணீர் குடித்தாலும், "அவன் இதழோரம் மெல்ல வளைந்தது" என்று வரும். ஒரு அத்தியாயத்தில் ஐந்து முறை வளைந்தது. முழங்காலில் ஆபரேஷன் செய்து மயக்கம் தெளிகிற இடத்திலும் வளைந்தது. எழுத்தில் இருந்தால் கண் தாண்டிப் போய்விடும். வாசிக்கிறவளுக்கு ஒவ்வொரு தடவையும் அதைப் புதிதாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை குழைந்து, ஒரு முறை கம்பீரமாக, ஒரு முறை ரகசியமாகச் சொல்லிப் பார்த்தேன். பத்தாவது அத்தியாயத்துக்குப் பிறகு என்னிடம் இருந்த குரல் எல்லாம் தீர்ந்துவிட்டது.

என் பதிவுகளில் இருமலையும் குக்கர் சத்தத்தையும் வெட்டி எடுத்துச் சரிசெய்கிறவர் வடமதுரையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் செல்வம். கல்யாண வீடியோ எடுக்கிற மனிதர். அதிகம் பேச மாட்டார். ஒருநாள் அவரே போன் செய்தார். "அக்கா, அந்த இதழோரத்த ஒரு தடவ நல்லா படிச்சுக் குடுத்துருங்க. வேணுங்கற எடத்துல எல்லாம் நானே ஒட்டிக்கிறேன்" என்றார்.

கத்திரிக்காய்க் கடையில் விசாரணை

முப்பதாவது அத்தியாயத்தில் மலர்விழி நிதர்சனை வீட்டுக்குள் விட்டாள். ஆறு வருஷம் ஒரு போன் கிடையாது, ஒரு கடிதம் கிடையாது. வாசலில் மழையில் நனைந்துகொண்டு நின்றான். அவள் துண்டு எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான், கணக்கு நேராகிவிட்டது. அதை வாசிக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மலர்விழியின் குரலில் கனிவு இருக்க வேண்டும் என்று எழுத்தாளர் குறிப்பு போட்டிருந்தார். கனிவாகவே வாசித்தேன்.

அந்த வாரம் மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "அரைக் கிலோ போடுங்க" என்று சொன்னதும் பக்கத்தில் வெங்காயம் அள்ளிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். யாரென்றே எனக்குத் தெரியாது. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எழுதவில்லை, வாசிக்க மட்டும்தான் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர் தராசைத் தூக்கிப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த அம்மா கேட்டது இது: "நீதானம்மா துண்டு எடுத்துக் குடுத்த? கதவச் சாத்திட்டு உள்ள போயிருக்க வேண்டியதுதானே?"

வீட்டுக்காரர் தீர்ப்பு

என் வீட்டுக்காரர் காதர் தோல் மண்டியில் வேலை பார்க்கிறார். நாவல் என்றால் அவருக்கு ஆகாது. ஆனால் மண்டியில் தோல் பிரிக்கிற ஆட்கள் என் பதிவைப் போட்டுக் கேட்கிறார்களாம், அதனால் கதை முழுக்க அவருக்குத் தெரியும். மதியம் சாப்பாட்டுக்கு வந்தவரிடம், சோறு போட்டுக்கொண்டே நிதர்சனைத் திட்டித் தீர்த்தேன். அவர் வெஞ்சனத்தைச் சோற்றோடு பிசைந்துகொண்டே கேட்டார். கையைக் கழுவிவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்: "நான் சரக்கு பாக்க ஆம்பூர் போயி ஒருநா கூடத் தங்குனதுக்கு மூணு நாளு பேசாம இருந்த. இவன் ஆறு வருஷம் காணாமப் போயிருக்கான். இவனுக்கு மட்டும் துண்டா?"

பாண்டீஸ்வரியின் கேள்வி

பாண்டீஸ்வரியும் நானும் அதற்குள் போன் நம்பர் மாற்றிக்கொண்டிருந்தோம். அவள் அனுப்புகிற ஒவ்வொரு குரல் பதிவிலும் பின்னால் தறிச் சத்தம் கேட்கும். முப்பத்திரண்டு வயது. இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் மாரிமுத்துவும் நெசவுதான், ஒரே அறையில் இரண்டு தறி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அதற்குப் பிறகு அவள் கபடிக் கோட்டை மிதித்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை, அவ்வளவுதான் என்றாள்.

நான் கவனிக்காத ஒன்றை அவள்தான் பிடித்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் மலர்விழியும் கபடி ஆடுகிறவள். கல்லூரி அணிக்குத் தலைவி. ஒரே ரெய்டில் ஏறிப் போய் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறாள், நிதர்சன் அதைப் பார்த்துத்தான் காதலில் விழுகிறான். நாலாம் அத்தியாயத்திலிருந்து அவள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுதாள். பிறகு முட்டை வேகவைத்தாள், முளைகட்டின பயறு எடுத்துக் கொடுத்தாள், அவன் முழங்காலுக்குத் தைலம் தடவினாள். நான் முன்னால் வாசித்த பதிவுகளை எடுத்துத் திரும்பக் கேட்டேன். உண்மைதான். முப்பத்தைந்து அத்தியாயமாக அவள் கால் கோட்டில் படவே இல்லை. எழுத்தாளர் மறந்துவிட்டார், என் வாயாலேயே வாசித்த நானும் மறந்துவிட்டேன்.

பாண்டீஸ்வரி கோபப்படவில்லை. வருகிற வாரமாவது வருமா என்று பார்க்கிறவள் போலத்தான் கேட்டாள். "அவ எப்பக்கா ஆடுவா?"

நாற்பத்தொன்று

நாற்பத்தொன்றாம் அத்தியாயம் வந்த அன்று நான் சந்தோஷமாகத்தான் மைக் முன்னால் உட்கார்ந்தேன். மாவட்டப் பெண்கள் அணிக்கு வந்து ஆடச் சொல்லி மலர்விழிக்குக் கடிதம் வருகிறது. பாண்டீஸ்வரி கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அணித் தேர்வு நடக்கிற அன்றுதான் நிதர்சனுக்கு இரண்டாவது ஆபரேஷன். மலர்விழி அந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலாகக் கிழிக்கிறாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேல் எனக்கு நீங்கள்தான் மைதானம்" என்கிறாள்.

அந்த வரியைச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று முறை தண்ணீர் குடித்தேன். சின்னாளப்பட்டியில் ஒருத்தி தறியை நிறுத்திவிட்டு இதைக் கேட்பாள் என்ற நினைப்புத்தான் வழிமறித்தது. ஏழு வருஷத்தில் வில்லி குரலில் வாசித்திருக்கிறேன், சாபம் விட்டிருக்கிறேன், எதுவும் என்னை நிறுத்தியதில்லை. அன்று மைக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன். மாவு மில் ஓட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சேனல் நடத்துகிறவர் ஒட்டன்சத்திரம்காரர், தங்கவேல். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். இந்த அத்தியாயத்தை வாசிக்க மாட்டேன், எழுத்தாளரிடம் பேசி மாற்றச் சொல்லப்போகிறேன் என்று போனில் சொன்னேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஏனுங்க மேடம், எழுதறவங்க எழுதோணும், வாசிக்கறவங்க வாசிக்கோணும். ரண்டு பேரும் ஒரே வேலையப் பாத்தா நான் என்னத்தைங்க அப்லோடு பண்றது?"

ஆயக்குடி

எழுத்தாளரின் புனைபெயர் நீளமானது, வடநாட்டு மணம் வீசுவது. நிஜப் பெயர் சரஸ்வதி. ஊர் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி. போனில் பேசினால் வெட்டிவிடுவார் என்று பயந்து, காலை பஸ் பிடித்து நேரிலேயே போய்விட்டேன். பெரிய பங்களா, கண்ணாடி மேஜை என்று ஏதோ கற்பனை செய்திருந்தேன். சரஸ்வதி கொய்யாத் தோப்பு ஓரம் கொட்டகையில் உட்கார்ந்து, பழங்களைச் சிறிசு பெரிசு என்று பிரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். குடும்பத்துத் தோப்பு. பெட்டி பெட்டிக்கு நடுவில் போனை எடுத்து இரண்டு வரி தட்டுகிறார். அதுவரை வந்த நாற்பத்தொரு அத்தியாயத்தையும் அப்படித்தான் எழுதியிருந்தார். அதைப் பார்த்ததும் நான் வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த சண்டையில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதியைப் போட்டேன். அந்தக் கடிதத்தை ஏன் கிழிக்கிறாள், மூன்றாம் அத்தியாயத்தில் நாலு பேரைத் தொட்டவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். சரஸ்வதி ஒரு கொய்யாவைத் துணியில் துடைத்து என்னிடம் கொடுத்தார். ஆம்பளைக் கபடி என்றால் டிவியில் பார்த்திருப்பதாகவும், மியூட் போட்டுப் பார்த்ததால் அவர்கள் பாடுவது பேசுவது மாதிரி தெரிந்ததாகவும் சொன்னார். நாலாம் அத்தியாயத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

"பொம்பளைங்க ஆடறத?" என்று கேட்டேன்.

"பாத்ததில்லீங்க."

"அப்ப மூணாம் அத்தியாயம்?"

"அது சும்மா கையை வீசினாங்க, தொட்டாங்கன்னு எழுதிட்டனுங்க. அதுக்கு மேல அவளக் களத்துல எறக்க எனக்குப் பயம். தப்பா எழுதீட்டா சிரிப்பாங்க. அதான் கடுதாசியக் கிழிச்சுப்புட்டேன்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை. மலர்விழியை ஆடவிட மனசில்லாமல்தான் கிழித்தார் என்று நினைத்து வந்தேன். தெரியாததால் கிழித்திருக்கிறார். கையில் இருந்த கொய்யாவைக் கடித்துக்கொண்டு, அப்படியானால் ஒரு நாள் வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். தோப்பு வேலை, சமையல், மாமனார் மருந்து என்று அவர் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, அடுக்கிய பெட்டியை மூடினார். "யாராச்சும் ஆடிக் காட்டினா வாரனுங்க. ஆனா சும்மா காட்டக் கூடாதுங்க. நெசமா ஆடோணும்" என்றார்.

சின்னாளப்பட்டி மைதானம்

பாண்டீஸ்வரியிடம் கேட்டபோது அவள் உடனே சரி சொல்லவில்லை. தறிச் சத்தம் நின்றது. பன்னிரண்டு வருஷமாச்சே என்றாள். தறியில் ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் இருந்தது, கையில் அடிபட்டால் என்ன செய்வது என்றாள். வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று சொன்னேன். மூன்று நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் பெண் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறார்கள், பயிற்சி கொடுக்கிற டீச்சர் பழைய டீம்காரிதான், பேசிவிட்டேன் என்றாள்.

குறித்த நாளில் சரஸ்வதி பழனி பஸ்ஸில் திண்டுக்கல் வந்தார். நாங்கள் இருவரும் டவுன் பஸ்ஸில் சின்னாளப்பட்டி போய் இறங்கினோம். மைதானத்தில் பாண்டீஸ்வரி வீட்டுக்காரரின் டிராக் பேன்ட்டை மடித்துவிட்டு, முடியை இறுக்கி முடிந்துகொண்டு நின்றாள். நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. குரலை வைத்து உயரமானவள் என்று நினைத்திருந்தேன், என் தோளுக்குத்தான் இருந்தாள். மாரிமுத்து சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றார்.

முதல் ரெய்டு. ஏறிப் போனாள். ஓரத்தில் நின்ற ஒல்லிப் பெண் கணுக்காலைப் பிடித்தாள், பாண்டீஸ்வரி மண்ணில் கிடந்தாள். நான் ஒரு முறை கண் சிமிட்டியிருப்பேன், அவ்வளவுதான் நேரம். எழுந்து மண்ணைத் தட்டினாள். அடுத்த முறை போனபோது அந்தப் பிள்ளைகள் வயசுக்கு மரியாதை கொடுத்துக் கொஞ்சம் விலகி ஆடினார்கள். அவள் பாட்டை நிறுத்திவிட்டாள். "எனக்காக மெதுவா ஆடாதீங்கப்பு. அப்படின்னா நான் வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு முறை பிடிபட்டாள். ஐந்தாவது ரெய்டில் வலது பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, இடது பக்கம் ஒருத்தி தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். திரும்புகிறவளின் இடுப்பை ஒருத்தி பிடித்தாள், மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். நாலு பேரும் ஒரே குவியலாகக் கிடந்தார்கள். குவியலுக்கு அடியிலிருந்து கபடி கபடி என்று சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. பிறகு ஒரு கை வெளியே நீண்டது. மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி நடுக்கோட்டைத் தொட்டது. சரஸ்வதி எழுந்து நின்றுவிட்டார். எனக்கு என் மூச்சு எங்கே போனதென்றே தெரியவில்லை.

எழுந்தபோது பாண்டீஸ்வரியின் வலது மோதிர விரல் வளைந்து வீங்கியிருந்தது. தறிக் கயிற்றை இழுக்கிற கை. நான் ஓடினேன். பெட்டிக்கடையில் ஐஸ் வாங்கி வந்து வைத்தோம். மாரிமுத்து விரலைத் தொட்டுப் பார்த்தார், எலும்பு ஒன்றுமில்லை, சுளுக்கு என்றார். முகூர்த்தச் சேலைக்கு நாலு நாள் நானே உட்கார்ந்துகொள்கிறேன் என்று பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை. ஒரு கதைக்காக ஒருத்தி கையை உடைத்துவிட்டேனே என்று இருந்தது. சரஸ்வதி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பாண்டீஸ்வரி பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, "விரல் மடங்குனப்ப மொதல்ல என்னங்க நெனச்சீங்க?" என்று கேட்டார்.

பாண்டீஸ்வரி ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொண்டே மைதானத்தைப் பார்த்தாள். "அடுத்த ரெய்டு யாரு போவான்னு நெனச்சேன்" என்றாள்.

மூன்று பக்கம் ரெய்டு

பத்து நாள் கழித்துப் புது நாற்பத்தொன்றாம் அத்தியாயம் வந்தது. ஆபரேஷன் அதே நாளில்தான் இருந்தது, ஆஸ்பத்திரி வராந்தா இருந்தது. ஆனால் கடிதம் கிழியவில்லை. மலர்விழி அவன் அக்காவை அவன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மைதானத்துக்குப் போகிறாள். முதல் ரெய்டில் பிடிபடுகிறாள். இரண்டாவதிலும் பிடிபடுகிறாள். கடைசியில் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் மண், வேர்வை, முழங்கை, நகம். இதழோரம் ஒன்றுகூட இல்லை.

தங்கவேல் படித்துவிட்டுக் கூப்பிட்டார். காதலே இல்லையே, மூன்று பக்கம் வெறும் ரெய்டாக இருக்கிறதே, ஒரு பக்கமாகக் குறைத்து வாசித்துவிடுங்கள் என்றார். ஒரு வரி குறைந்தாலும் மிச்சம் இருக்கிற பதினோரு அத்தியாயத்துக்கும் வேறு குரல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் அப்படிப் பேசியதில்லை. ஒருவேளை நிஜமாகவே வேறு ஆளைப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். கடைசியில் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார்: "சரிங்க, வாசிங்க. ஆனா ரண்டு பக்கம் தாண்டி ஒரு எடத்துலயாச்சும் அந்தப் பையன் பேரச் சொல்லீருங்க. மறந்துருவாங்க."

கருத்துகள்

வெளியானதும் கருத்துகள் வந்து விழுந்தன. உங்களுக்குத்தான் தெரியுமே, நம்மாட்கள் சும்மா இருப்பார்களா. ஹீரோவுக்கு ஆபரேஷன் நடக்கும்போது இவளுக்கு என்ன விளையாட்டு என்று ஒருத்தி. கபடி இடத்தைத் தள்ளிவிட்டேன் என்று இரண்டு பேர். மனைவிக்கு இலக்கணம் எழுதினார் ஒரு பெரியவர். கல்யாணத்துக்கு முன் தானும் ஓட்டப்பந்தயத்தில் ஓடியதாகச் சொன்னார்கள் நாலைந்து பேர். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், என்ன பரிசு என்றுகூட எழுதியிருந்தார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் பதில் போட்டுக்கொண்டது இரண்டு நாள் நீண்டது.

நான் எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்திரண்டாம் அத்தியாயத்தில் மலர்விழி நிதர்சனைக் கட்டிக்கொண்டாள். அவனை அனுப்பிவிடுங்கள் என்று கடைசிவரை சரஸ்வதியிடம் மன்றாடினேன். ஆட்டக்காரி திரும்பி வந்தால் போதாதா, அவனும் எதற்கு என்று கேட்டேன். அவர் அசையவில்லை. "அவன உட்டுட்டா என்ர வாசகிங்க என்ன உட்டுருவாங்க ரகமத். அவன் கோட்டுக்கு வெளிய நின்னு கை தட்டற மாதிரி மட்டும் மாத்திக் குடுத்தர்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை

கடைசி அத்தியாயம் வந்த மறுநாள் பாண்டீஸ்வரியிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் தறிச் சத்தம் இல்லை. பிள்ளைகள் கூச்சல், விசில், யாரோ யாரையோ ஏலே என்று அதட்டுகிற சத்தம். விரல் சரியாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த மைதானத்துக்குப் போகிறாளாம். டீச்சர் அவளைப் பிள்ளைகளுக்குப் பிடி சொல்லிக்கொடுக்கச் சொன்னாராம், சொல்லிக்கொடுக்கிறதோடு நானும் ஆடுவேன் என்று சொல்லிவிட்டாளாம். வருகிற மாதம் பக்கத்து ஊரில் பெண்கள் மேட்ச், பேர் கொடுத்திருக்கிறாள். மாரிமுத்துவுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் டிராக் பேன்ட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை.

நாவல் எப்படி என்று கேட்டேன். என்னைச் சந்தோஷப்படுத்த அவள் பொய் சொல்லவில்லை. "அவனச் சேத்துக்கிட்டது எனக்குப் புடிக்கலக்கா. மேட்ச மட்டும் நாலு தடவ கேட்டேன். மலரு எடது பக்கமே ஏறிப் போறா, ரெண்டு மேட்சுல கண்டுபிடிச்சிருவாங்க. அந்த அக்காட்டச் சொல்லி அடுத்த கதையில திருத்தச் சொல்லுங்க."

ஒருத்தியை ஒரே ஒரு அத்தியாயம் ஆட வைக்க மூன்று பெண்கள் இரண்டு மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நாயகனைச் சேர்த்துவைக்க மட்டும் யாரும் மெனக்கெட வேண்டியதில்லை, அது தானாகவே நடந்துவிடுகிறது.